மூன்றாம் பக்கத்தில் ஒரு விலக்கு

பொத்தான் கம்பெனியில் மொத்தம் நூற்று முப்பத்தெட்டுப் பேர். நூற்று முப்பத்தேழு பேர் பொத்தானைப் பார்த்துக்கொண்டார்கள். மீதி ஒருத்தி அந்த நூற்று முப்பத்தேழு பேரையும் பார்த்துக்கொண்டாள். சேர்கிறவர்களுக்குக் கடிதம், சேர்ந்தவர்களுக்கு லீவுச் சீட்டு, தாமதமாக வருகிறவர்களுக்கு டோஸ், போகிறவர்களுக்கு வாசல் என்று எல்லாமே அவள் மேஜையிலிருந்துதான் கிளம்பும். நேரில் எல்லோரும் அவளை 'அக்கா' என்பார்கள். அவள் முதுகைத் திருப்பினால் 'முப்பது' என்பார்கள்.

அந்தப் பெயர் வந்ததற்கு அவளேதான் காரணம். யாராவது கோபத்தில் ராஜினாமாக் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினால், அக்கா அதை வாங்கி, தேதி முத்திரை குத்தி, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "முப்பது நாள் இருக்கு, நல்லா யோசிங்க" என்பாள். கேட்பதற்கு ஆறுதலாகத்தான் இருக்கும். ஆனால் யோசிப்பதற்கு அவர்களுக்கு ஒதுக்கப்படும் இடத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதை ஆறுதல் என்று சொல்லமாட்டார்கள்.

கிடங்குக்குப் பின்னால் கழிவு அறை என்று ஒன்று உண்டு. ஓட்டை விழாத பொத்தான், மூன்றே ஓட்டை விழுந்த பொத்தான், ஓரம் உடைந்தது, சாயம் திட்டுத்திட்டாக ஏறியது எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வந்து சேரும். அந்த மூட்டைகளுக்கு நடுவில் ஒரு நாற்காலி. ஒரு கை இல்லை. உட்கார்ந்தால் அது ஒரு சத்தம் போடும், எழுந்தால் வேறொரு சத்தம் போடும். கடிதம் கொடுத்தவர் அன்றைக்கு மத்தியானமே தன் இடத்தைக் காலி செய்துவிட்டு அந்த நாற்காலிக்குப் போய்விட வேண்டும். முப்பது நாளும் கழிவுப் பொத்தான்களை நிறம் நிறமாகப் பிரிக்க வேண்டும். சாயங்காலம் கிடங்கு ஆள் வந்து, பிரித்த எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டி அரைக்கிறவனுக்கு அனுப்பிவிடுவான். இது பிரிக்கிறவருக்கும் தெரியும். பிரிக்காவிட்டால் கடைசி மாதச் சம்பளத்தில் கை வைப்பார்கள் என்பதும் தெரியும்.

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தது முதலாளி இல்லை, அக்காதான். போகிறவன் நிறங்களின் மாதிரி அட்டையையும் வாடிக்கையாளர் முகவரியையும் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவான், ஆகவே அவனைக் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் வைக்க வேண்டும் என்பது அவள் வாதம். ஒரு கை இல்லாத நாற்காலியைத் தேடி எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். நல்ல நாற்காலியாக இருந்தால் போகிறவனுக்குப் போக மனசு வராதாம். இருந்துவிட்டால் நல்லதுதானே என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளிடம் கேள்வி கேட்பதற்கும் ஒரு படிவம் இருந்தது.

தட்டச்சு செய்கிறவளாக முப்பத்திரண்டு வயதில் உள்ளே வந்தவள். பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. காலையில் இரண்டு பஸ், மாலையில் இரண்டு பஸ். வந்த புதிதில் பொத்தானை மெருகேற்றும் பாலிஷ் டிரம்கள் உருளுகிற சத்தத்தில் தலைவலி வரும். இப்போது வாரக் கடைசியில் அந்தச் சத்தம் இல்லாமல்தான் தலைவலி வருகிறது. விதியை அவள் தனக்காக ஒருநாளும் வளைத்ததில்லை. இதை அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். வளைக்க வேண்டிய தேவை அதுவரை வரவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லமாட்டாள்.

தேவை வீட்டில் இருந்தது. அவள் கணவர் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன் இடது கண் போயிற்று, வேலையும் கூடவே போயிற்று. இப்போது வலது கண்ணும் அதே வழியில் கிளம்பியிருந்தது. ஓர் அறுவைச் சிகிச்சை செய்தால் மிச்சமிருக்கும் பார்வையைப் பிடித்து நிறுத்தலாம் என்றார் டாக்டர். வரிசையில் நின்று ஒரு தேதியும் கிடைத்துவிட்டது, பதினான்கு வாரம் தள்ளி. அதற்கு முன்னால் முடியாது, அதற்கு மேல் தள்ளினால் செய்தும் பயனில்லை என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். செலவு கம்பெனியின் காப்பீட்டில். அக்காவின் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிற வரைக்கும் அவள் வீட்டுக்காரரின் கண்ணும் அந்தப் பட்டியலில் இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் மேல் பாத்திரம் இல்லை. பாத்திரம் பக்கத்தில் மேடை மேல் இருந்தது. அவர் கையில் டீத்தூள் டப்பாவோடு நின்றுகொண்டிருந்தார்.

"தண்ணி இன்னும் கொதிக்க மாட்டேங்குது" என்றார்.

அவள் அடுப்பை அணைத்தாள். அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். வெளியே வந்து, "கேஸ்ல ஏதோ கோளாறு, ஆளைக் கூப்பிட்டுப் பாக்கணும்" என்றாள். அவரும் நம்பியவர் மாதிரி இருந்தார்.

அன்றைக்கே அவள் வீட்டுப் பக்கத்தில் வேலை தேட ஆரம்பித்தாள். பத்து நிமிஷ நடையில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே அலுவலகப் பொறுப்பாளர் போகப்போகிறார் என்று தெரிந்து, நேரில் போய்த் தலைமை ஆசிரியையைப் பார்த்துவிட்டு வந்தாள். சம்பளம் இதே அளவு. காப்பீடு உண்டா, எந்த நாளிலிருந்து என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. சேர்ந்த முதல் நாளிலிருந்தே என்றார்கள். மத்தியானம் வீட்டுக்கு வந்து அவருக்குச் சோறு போட்டுவிட்டுப் போகலாம். பள்ளி திறக்க ஏழு வாரம் இருந்தது. நியமனக் கடிதம் இரண்டு மூன்று வாரத்தில் வரும் என்று தலைமை ஆசிரியை கையைப் பிடித்துச் சொன்னார்.

கடிதம் கையில் வராமல் ராஜினாமா செய்கிறவர்களை அக்கா எத்தனையோ வருஷமாக நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்திருக்கிறாள். அந்தத் தப்பை மட்டும் அவள் செய்யமாட்டாள். கடிதம் வரட்டும், வந்ததும் முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்தால் பள்ளி திறக்கிற அன்று பள்ளியில் இருக்கலாம் என்று நாட்காட்டியில் பென்சிலால் குறித்து வைத்தாள்.

குறித்த மறுநாளே முதலாளி கூப்பிட்டார்.

விஷயம் சாயக்காரர். கண்ணால் பார்த்தே எந்த நிறத்தையும் கலக்குகிறவர். போட்டிக் கம்பெனிக்குப் போகிறேன் என்று கடிதம் கொடுத்தார். விதிப்படி அவரையும் நாற்காலியில் உட்காரவைத்தாள் அக்கா. ஊரிலேயே நல்ல நிறக்கண் உள்ள மனிதர் முப்பது நாள் கழிவுப் பொத்தானைப் பிரித்தார். கழிவு அவ்வளவு துல்லியமாகப் பிரிக்கப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. முப்பத்தோராம் நாள் புது வேலையில் சேர்ந்தார். இரண்டே வாரத்தில் போட்டிக் கம்பெனியின் மாதிரி அட்டை வெளிவந்தது, அச்சு அசலாக இவர்கள் அட்டையைப் போல.

"முப்பது நாள்ல போயிட்டான். அவன் தலைக்குள்ள இருந்த நூத்தி நாப்பது கலரும் கூடவே போயிடுச்சு" என்றார் முதலாளி. "இனிமே யார் போனாலும் மூணு மாசம். புது ஒப்பந்தம் எழுதுங்க, எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்குங்க."

அக்காவுக்கு நாட்காட்டியில் போட்ட பென்சில் குறி ஞாபகம் வந்தது. முகத்தில் அதைக் காட்டிக்கொள்ளாமல், "தொண்ணூறு நாளா சார்?" என்றாள்.

"தொண்ணூறு. கூடவே சம்பளத்துல கொஞ்சம் ஏத்திக் கொடுத்துடலாம். இல்லன்னா கையெழுத்துப் போடமாட்டாங்க."

"அப்போ நாம யாரையாவது அனுப்பணும்னாலும் தொண்ணூறு நாள் முன்னாடி சொல்லணும் சார். ஒரு பக்கம் மட்டும் எழுதினா கோர்ட்ல நிக்காது."

"ரெண்டு பக்கமும் எழுதுங்க. நான் யாரை அனுப்பப் போறேன்?" என்றார் முதலாளி. அக்காவும் அதை ஆமோதித்துத் தலையாட்டினாள். இந்த நல்ல மனிதர் யாரை அனுப்பப் போகிறார் என்று அவளுக்கும் தோன்றியது.

இரண்டு வாரத்துக்குள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். பள்ளிக் கடிதம் வர மூன்று வாரம். கையெழுத்துப் போட்டுவிட்டால் தொண்ணூறு நாள். பள்ளி திறப்பதோ ஏழு வாரத்தில். எந்தப் பக்கம் கூட்டினாலும் இடித்தது.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து அதை அலசினார்கள். அலசினார்கள் என்பது அக்கா பேசினாள், அவர் கேட்டார் என்பதற்கு அந்த வீட்டில் வழங்கும் சொல். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டாள். ஒரு பக்கம் 'கையெழுத்துப் போட்டால்', மறுபக்கம் 'போடாவிட்டால்'. அவர் கண்ணுக்கு எழுத்துத் தெரியாது என்பதால் ஒவ்வொன்றையும் எழுதிவிட்டு உரக்கப் படித்துக் காட்டினாள்.

"போட்டா, ஸ்கூல் வேலை போச்சு. அவங்க மூணு மாசம் காத்திருக்க மாட்டாங்க. போடலைன்னா, எல்லார்கிட்டயும் வாங்கற நானே போடலைன்னு ஆயிடும். அப்புறம் முதலாளி மூஞ்சியில எப்படி முழிக்கிறது? அதுவும் போக, தொண்ணூறு நாள் அந்த நாற்காலியில யாரு உக்காருவா?"

"எந்த நாற்காலி?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல" என்றாள். பத்தொன்பது வருஷத்தில் நாற்காலி விஷயத்தை மட்டும் அவள் வீட்டில் சொன்னதில்லை.

அவர் தாளை விரலால் தொட்டு, "அவங்களும் உனக்குத் தொண்ணூறு நாள் முன்னாடி சொல்லணும்ல?" என்றார்.

"சொல்லணும்தான்."

"அது நல்லதுதானே? அதை எந்தப் பக்கம் எழுதின?"

அக்கா சிரித்துவிட்டாள். "என்னை யாருங்க அனுப்புவா? அனுப்பறதே நான்தானே."

அவரும் சிரித்தார். பஸ் ஓட்டும்போது பின்னால் வருகிறவனையும் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும் என்று பழகிய மனிதர். ஆனாலும் கம்பெனி விஷயத்தில் மனைவிக்குத் தெரியாதது இருக்காது என்று விட்டுவிட்டார். தாளில் அந்த ஒரு விஷயம் எந்தப் பக்கமும் ஏறவில்லை.

யோசனை மறுநாள் காலை இரண்டாவது பஸ்ஸில் உதித்தது. ஒப்பந்தத்தை எழுதப்போவது யார்? அவளே. முதலாளி எதையும் முதல் பக்கத்துக்கு மேல் படித்ததாகச் சரித்திரம் இல்லை. அவள் எழுதிக் கொடுத்த எத்தனையோ கடிதத்தில் அவர் கையெழுத்துப் போடுகிற இடத்தை மட்டும் தேடியிருக்கிறார். ஆகவே மூன்றாம் பக்கத்தில், சீருடை துவைப்பது பற்றிய பிரிவுக்கும் கழிப்பறைச் சாவி பற்றிய பிரிவுக்கும் நடுவில், காதும் காதும் வைத்தாற்போல ஒரு வரியைச் செருகினாள்:

"பணியாளர் பிரிவில் பணிபுரிவோர், பிறரது முன்னறிவிப்புகளைப் பெற்று நடத்தும் பொறுப்பில் உள்ளமையால், நடுநிலைமையைப் பேணும் பொருட்டு, அவர்களைப் பொறுத்தவரை இருதரப்பிலும் பழைய முப்பது நாள் காலமே தொடரும்."

பணிபுரிவோர் என்று பன்மை போட்டது அடக்கத்தினால். அந்தப் பிரிவில் அவளைத் தவிர ஒரு மின்விசிறிதான் இருந்தது. நடுநிலைமைக்கும் முப்பது நாளுக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்கே தெரியாது, ஆனால் படிக்கக் கம்பீரமாக இருந்தது. 'இருதரப்பிலும்' என்ற சொல்லைப் போடாமல் விட்டிருக்கலாம். விரல் விடவில்லை. ஒருதரப்பாக எழுதினால் நிற்காது என்று முதலாளிக்கே பாடம் எடுத்தவள் அல்லவா? தன் வாழ்நாளிலேயே முதல்முறையாக ஒரு திருட்டு வேலை செய்தபோதும் அதை முறைப்படி செய்தாள்.

முதலாளி எதிர்பார்த்தபடியே மூன்றாம் பக்கத்தைத் தொடவில்லை. கையெழுத்து எங்கே என்று கேட்டார், காட்டினாள், போட்டார்.

அடுத்த பத்து நாள் அக்கா தன் மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினாள். தொண்ணூறு நாள் என்றதும் முகம் சுளித்தவர்களுக்கு அதன் மேன்மையை எடுத்துச் சொன்னாள். பெரிய பெரிய இடத்தில் எல்லாம் மூன்று மாதம்தான், முப்பது நாள் என்பது கூலிக்காரர்களுக்கு வைப்பது, இத்தனை காலம் நம்மை யாரும் மதிக்கவில்லை, இப்போதுதான் மதிக்கிறார்கள் என்றாள். கேட்டவர்களில் பாதிப்பேர் நிமிர்ந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். மீதிப்பேர் சம்பள உயர்வைப் பார்த்துப் போட்டார்கள்.

பாலிஷ்காரர் மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு போடாமல் நின்றார். டிரம் ஓட்டி ஓட்டிக் காது மந்தமாகிப் போன மனிதர். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ரகசியம் என்று அவர் சொல்வது வாசல் வரை கேட்கும்.

"அக்கா, என் மச்சான் டைல்ஸ் கடை திறக்கிறான். அடுத்த மாசம் வந்து சேர்ந்துக்கோன்னு கூப்பிடறான். இன்னும் முடிவு பண்ணலை. இதுல கையெழுத்துப் போட்டா மூணு மாசம் ஆகும்ல?"

"ஆகும்."

"மச்சான் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டானே. என்ன பண்ணட்டும்? நீங்க சொன்னா சரியா இருக்கும்."

அக்கா அவரைப் பார்த்தாள். அந்தக் கணத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். போடுவதற்கு முன் கடிதம் கொடுத்துவிட்டுப் போய்விடுங்கள் தம்பி, உங்கள் நிலைமையில்தான் நானும் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நூற்று முப்பத்தேழில் ஒன்று குறைந்தால் முதலாளி ஏன் என்று கேட்பார். கேட்டால் தாளை எடுத்துப் பார்ப்பார். பார்த்தால் மூன்றாம் பக்கம் வரைக்கும் போய்விடுவார்.

"கடை ஓடுதோ ஓடலையோ, இது நிலையான வேலை. போடுங்க தம்பி" என்றாள்.

"உங்களுக்கும் தொண்ணூறுதானே?" என்றார் அவர். சந்தேகத்தில் கேட்கவில்லை, துணைக்குக் கேட்டார்.

"எல்லாருக்கும் ஒரே விதிதான்" என்றாள் அக்கா.

அவர் போட்டார். அவர் போனதும் அவள் ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அடுப்பும் பாத்திரமும் கண் முன்னால் வந்து நின்றதும் அவமானம் கொஞ்சம் ஒதுங்கி நின்றுகொண்டது. அவருடைய மச்சான் அடுத்த வாரமே வேறு ஆளைப் போட்டுக்கொண்டான் என்று பாலிஷ்காரர் யாரிடமோ சொன்னது அவள் மேஜை வரைக்கும் கேட்டது.

மூன்று வாரம் ஆயிற்று, பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வரவில்லை. நாலாவது வாரம் தலைமை ஆசிரியையே போனில் வந்தார். இரண்டு பள்ளிக்கும் சேர்த்து ஒரே அலுவலகம் என்று நிர்வாகம் முடிவு செய்துவிட்டதாம். அந்த வேலையே இனிமேல் கிடையாதாம். "உங்களுக்குச் சொல்லவே கஷ்டமா இருக்கு" என்றார். சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அக்காவுக்கு அழுகை வந்தது. ஆனால் அதற்குப் பின்னாலேயே ஒரு பெருமிதமும் வந்தது. கடிதம் வராமல் ராஜினாமா செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தன் புத்திசாலித்தனத்தைத் தானே தட்டிக்கொடுத்தாள். "வேலைன்னு இருக்கே, அது போதும். ஆபரேஷன் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று கணவரிடம் சொன்னாள். அவர் டீ போடுவதற்குக் கேஸ் அடுப்புக்குப் பதிலாக, தானாக அணைந்துகொள்கிற மின்சாரக் கெட்டில் ஒன்றை வாங்கி வைத்தாள். மூன்றாம் பக்கத்து வரியை அவள் மறந்தே போனாள்.

அதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேறொருவர் வந்து சேர்ந்தார். முதலாளி செலவைக் குறைக்க ஓர் ஆலோசகரை நியமித்தார். மெலிந்த இளைஞர், லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பார், எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரை படிக்கிற ரகம். அக்காவிடமிருந்து எல்லாக் கோப்புகளையும் வாங்கிப்போய் ஒரு வாரம் படித்தார். அவருக்கு அவள் மூன்று வேளையும் டீ வரவழைத்துக் கொடுத்தாள்.

எட்டாம் நாள் முதலாளி கூப்பிட்டார். ஆலோசகரும் இருந்தார். முதலாளி வழக்கத்துக்கு மாறாக எழுந்து நின்று, "உக்காருங்கம்மா" என்றார். அக்காவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. அந்த அறையில் எழுந்து நின்று உட்காரச் சொன்னால் என்ன அர்த்தம் என்று முதலாளிக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

"சம்பளம், லீவு, ஆள் எடுக்கிறது எல்லாத்தையும் வெளியில ஒரு ஏஜென்சி பாத்துக்குமாம். உங்க பிரிவே தேவையில்லைங்கறார் இவர்" என்றார் முதலாளி. குரலில் வருத்தம் இருந்தது, உண்மையான வருத்தம். "நான் முடியாதுன்னுதான் சொன்னேன். அவங்களுக்குத் தொண்ணூறு நாள் கொடுக்கணும், பத்தொன்பது வருஷம் இருந்தவங்கன்னு சொன்னேன். இவர்தான் ஒப்பந்தத்தைக் காட்டினார். உங்களுக்கு மட்டும் முப்பதுன்னு இருக்கு."

ஆலோசகர் மூன்றாம் பக்கத்தைத் திருப்பி மேஜையில் வைத்தார். அந்த வரிக்கு மட்டும் மஞ்சள் பூசியிருந்தார்.

"எனக்கு ஒரு சங்கடம் வரக்கூடாதுன்னு நீங்களே முன்கூட்டி யோசிச்சு எழுதி வச்சிருக்கீங்க" என்றார் முதலாளி. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "இந்தக் காலத்துல யாரும்மா இப்படி இருக்காங்க?"

அக்கா வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? அதை எழுதியது உங்களுக்காக இல்லை சார், உங்களை ஏமாற்றிவிட்டு ஓடிப்போவதற்காக என்றா? தியாகியாகவே வெளியே போவதா, திருடி என்று ஒப்புக்கொண்டு மீதி அறுபது நாளையும் கேட்பதா என்று பார்த்தாள். அறுவைச் சிகிச்சைக்கு இன்னும் எட்டு வாரம் இருந்தது. அவள் மானத்தை விழுங்கிக்கொண்டு கேட்டாள்.

"சார், வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் இருக்கு. காப்பீடு வேணும். இன்னும் ஒரு மாசம் மட்டும் பேரைப் பட்டியல்ல வச்சிருந்தீங்கன்னா போதும். சம்பளம் வேண்டாம்."

முதலாளி ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் லேப்டாப்பைப் பார்த்தார். "நோட்டீஸ் முடிஞ்ச அன்னைக்கே பேரை எடுத்துடணும்னு ஒரு சுற்றறிக்கை இருக்கு மேடம்" என்றார் அவர், மிகவும் பணிவாக. "நீங்க போட்டதுதான். போன வருஷம் பேக்கிங் பிரிவுல ஒருத்தங்க இதே மாதிரி பத்து நாள் கேட்டாங்க போல. அப்போ போட்டிருக்கீங்க."

அக்காவுக்கு அந்தப் பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது. அவளுக்கு எதற்காகப் பத்து நாள் தேவைப்பட்டது என்பது ஞாபகம் வரவில்லை. கேட்டிருந்தால்தானே ஞாபகம் வரும்?

"நாற்காலிக்கெல்லாம் போக வேண்டாம். உங்க இடத்துலயே இருங்க" என்று முதலாளி பெருந்தன்மையாகச் சொன்னார். ஆனால் அவள் திரும்பி வந்தபோது ஏஜென்சி ஆட்கள் இரண்டு பேர் அவள் மேஜையில் கணினியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உட்கார வேறு இடம் இல்லை. கைப்பையையும், தண்ணீர் பாட்டிலையும், மேஜை டிராயரில் இருந்த தேதி முத்திரையையும் எடுத்துக்கொண்டு கழிவு அறைக்குப் போனாள். முத்திரையை ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

நாற்காலி சத்தம் போட்டது. பத்தொன்பது வருஷத்தில் அவள் அதில் ஒரு தடவைகூட உட்கார்ந்து பார்த்ததில்லை. முதுகு சாய்கிற இடத்தில் பேனாவாலும் ஆணியாலும் நிறையப் பேர் கோடு கிழித்திருந்தார்கள். ஐந்து ஐந்தாக, ஆறு கட்டு. பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு ஆறு கட்டு. பார்க்கப் பார்க்க அப்படியே கீழே வரைக்கும் போயிற்று.

பாலிஷ்காரர் செய்தி கேட்டு டிரம்மை நிறுத்திவிட்டே வந்துவிட்டார். கையில் அவர் உட்காருகிற பழைய குஷன். அதை நீட்டி, "இதைப் போட்டுக்கோங்க அக்கா, அது இடுப்பை ஒடிச்சிடும்" என்றார். டிரம் நின்றுவிட்டதால் அந்தக் குரல் தளம் முழுக்கக் கேட்டது.

அவள் குஷனை வாங்கிக்கொண்டாள்.

"கவலைப்படாதீங்க. தொண்ணூறு நாள் இருக்குல்ல? அதுக்குள்ள எங்கேயாவது கிடைச்சிடும். நீங்கதான் அன்னைக்கே சொன்னீங்க, அது நம்மளுக்கு மரியாதைன்னு."

அக்கா கையிலிருந்த குஷனைப் பார்த்தபடி, "முப்பது" என்றாள்.

"என்னது?"

"முப்பது நாள் தம்பி."

"சரியாக் கேக்கலை அக்கா, சத்தமாச் சொல்லுங்க."

பேக்கிங் மேஜையில் கைகள் நின்று, சிலர் கழிவு அறை வாசலுக்கே வந்துவிட்டார்கள். எல்லோரும் இந்தப் பக்கம் பார்த்தார்கள். அக்கா நிமிர்ந்து, கூட்டத்துக்கு அறிவிப்பதுபோலச் சத்தமாகச் சொன்னாள். "எனக்கு முப்பது நாள். எனக்கு மட்டும். நான்தான் அப்படி எழுதிக்கிட்டேன்."

பாலிஷ்காரர் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது. புரிந்ததும் அவர் திட்டவில்லை. மச்சானைப் பற்றிப் பேசவும் இல்லை. குஷனைத் திரும்பக் கேட்பார் என்று அவள் நினைத்தாள். கேட்டிருந்தால் தேவலை என்றும் நினைத்தாள். அவர் கேட்காமல் போய் டிரம்மைப் போட்டார். மறுபடி அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

மூட்டையை அவிழ்த்து ஒரு கை பொத்தானை மடியில் கொட்டிக்கொண்டபோது போன் அடித்தது. வீட்டிலிருந்து அவர்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிட்டாங்க. தேதியை உறுதி பண்ணச் சொன்னாங்க, சரின்னுட்டேன்" என்றார். குரலில் அத்தனை உற்சாகம். "கூட ஒருத்தர் இருக்கணுமாம், ஒரு வாரம். உனக்கு லீவு கிடைக்குமா? உங்க முதலாளிகிட்ட இப்பவே சொல்லி வச்சிடு."

"சொல்லியாச்சு" என்றாள். "கிடைச்சிடுச்சு."

"ஒரு வாரம் முழுசுமா?"

"முழுசும்."

"பத்தொன்பது வருஷம் உழைச்சதுக்கு இந்த மரியாதையாவது இருக்கே" என்று சொல்லிச் சந்தோஷமாகப் போனை வைத்தார் அவர். அக்கா கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, வெள்ளையை ஒரு பக்கமும் பழுப்பேறிய வெள்ளையை ஒரு பக்கமுமாகப் பிரிக்கத் தொடங்கினாள்.